பூட்டிய பீரோவுக்கு ஒரு கேடயம்

சிறந்த பள்ளி நூலகம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேடையேற்றிக் கேடயம் கொடுத்தால், அதைப் பார்த்து மற்றப் பள்ளிகளும் தங்கள் நூலகத்தைச் சீராக்கிவிடும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். கல்வி அதிகாரி நம்புகிறார். சி.எஸ்.ஆர். நிதியைச் செலவழிக்க இடம் தேடும் ஐ.டி. நிறுவனம் நம்புகிறது. சேர்க்கைக் காலத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் பெற்றோரும் நம்புகிறார்கள். பெங்களூரு மாதிரியான ஊரில் இந்த நம்பிக்கைக்கு வலு அதிகம். ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபுரா சாலையிலும் கண்ணாடிச் சுவரும் மெத்தை இருக்கையும் போட்ட நூலகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் எச்.எம். அறையின் மூலையில் ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. முதலாவதைக் கௌரவித்தால் இரண்டாவது ரோஷப்பட்டு மாறும் என்பதுதான் இந்த வாதத்தின் சாரம். நான் இதை மறுக்கிறேன். இப்போது நாம் கொடுக்கும் விதத்தில் விருது எந்த நூலகத்தையும் வளர்ப்பதில்லை. நூலகத்துக்கு நேர் எதிரான ஒரு பழக்கத்தை, புத்தகத்தைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை, அது வளர்க்கிறது. எந்த நூலகம் பாராட்டுக்குரியது என்ற கணக்கையே நாம் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நூலகத்தைப் பற்றி நம் நாட்டில் கேட்கப்படும் அரசாங்கக் கேள்விகள் எல்லாம் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை: இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள அறையைக் கேட்டன. பாடநூல் நீங்கலாக மாணவர் ஒருவருக்கு 5 புத்தகம், தொடங்கும்போதே குறைந்தது 1,500 புத்தகம் என்று கேட்டன. மத்திய அரசு ஆண்டுதோறும் திரட்டும் யூடைஸ் பிளஸ் புள்ளிவிவரத்தில் நூலகம், புத்தக வங்கி, வாசிப்பு மூலை மூன்றும் ஒரே கட்டத்துக்குள் வருகின்றன. பல்லாயிரம் நூல்களும் நூலகரும் உள்ள பள்ளியும், வகுப்பறை ஜன்னலில் கயிறு கட்டிப் பத்துப் புத்தகத்தைத் தொங்கவிட்ட பள்ளியும் அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்றே பதிவாகலாம். 2015-ல் வந்த 'ஷாலா சித்தி' மதிப்பீட்டு முறை கொஞ்சம் மேல். இருப்பையும் போதுமான அளவையும் ஒரு பக்கம் கேட்டு, தரத்தையும் பயன்பாட்டையும் தனியாக இன்னொரு பக்கம் கேட்டது. ஆனால் அது நூலகத்தை உட்கார வைத்த இடத்தைப் பாருங்கள். மின்சாரம், குடிநீர், கழிப்பறை, சாய்தளம், சத்துணவுச் சமையலறை ஆகியவற்றோடு ஒரே வரிசையில், 'வளங்கள்' என்ற பகுதியில் வைத்தது. கற்பித்தலைப் பற்றிய பகுதியில் அதற்குத் தனி இடமில்லை. கழிப்பறையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளைப் பள்ளியில் இருத்துவதில் அதன் பங்கு பெரிது. கட்டி முடித்து வெள்ளையடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் நூலகமும் சேர்ந்துவிட்டது என்பதே என் புகார். விருதுக் குழுவினர் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். இதே அட்டவணையைத்தான் அவர்களும் மனத்தில் வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்குகிறார்கள்.

இருப்பதற்கும் நடப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அளந்து காட்டியது ஏசர் ஆய்வு. கிராமப்புறப் பள்ளிகளுக்குப் போகும் அதன் களப்பணியாளர்கள் நூலகம் உண்டா என்ற கேள்வியோடு திரும்பிவிடுவதில்லை. போன அன்று பிள்ளைகள் கையில் பாடநூல் அல்லாத புத்தகம் இருந்ததா என்று கண்ணால் பார்த்துக் குறிக்கிறார்கள். அப்படிக் கண்ட பள்ளிகள் 2018-ல் 36.9 சதவீதம், 2022-ல் ஏறக்குறைய 44 சதவீதம், 2024-ல் 51.3 சதவீதம். யூடைஸ் கணக்கிலோ நூலக வசதி 'உண்டு' என்ற பள்ளிகள் பத்தில் ஒன்பதை நெருங்குகின்றன. இரண்டு எண்களும் பொய்யல்ல. முதலாவது பிள்ளையைப் பார்த்து எழுதியது, இரண்டாவது பீரோவைப் பார்த்து எழுதியது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்த முதல் எண் ஏறியிருப்பது நல்ல செய்திதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில்தான் மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் வந்தது. ஆரம்ப வகுப்புகளில் வாசிக்கத் தெரிவதே முதல் வேலை என்ற பேச்சு எழுந்தது. கதைப் புத்தகத்துக்குப் பாடவேளைக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. இந்த உயர்வு கேடயங்கள் கொடுத்ததால் வந்தது என்று யாராவது உரிமை கொண்டாடினால், எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் விட முடியாது.

பீரோ ஏன் பூட்டியே இருக்கிறது என்பதற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் காட்டுவது சுலபம். உண்மையான காரணம் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் புத்தகம் என்பது அரசுச் சொத்து. நாற்காலி, மணி, உலக உருண்டை மாதிரி அதற்கும் வரிசை எண் உண்டு. மாற்றலாகிப் போகும் ஆசிரியர் எண்ணி ஒப்படைக்க வேண்டும், வருகிறவர் எண்ணி வாங்க வேண்டும், குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். இந்த நிலையில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஆசிரியர் தன் சம்பளத்தைப் பணயம் வைப்பதாக நினைக்கிறார். இத்தனைக்கும் விதிமுறை அவர் நினைக்கிற அளவுக்குக் கொடுமையானதல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ல் 215-ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது புரட்டிப் பார்க்கப்பட்ட ஒவ்வோர் 1,000 நூலுக்கும் 5 நூல் தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது; 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்கச் சொல்கிறது; நாணயக்கேடோ அலட்சியமோ இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஆளுக்கு வாரம் ஒரு புத்தகம் என்று 30 வாரம் கொடுத்தால் 3,600 வழங்கல். அந்த விதிப்படி 18 புத்தகம் தொலையலாம். இது மத்திய அரசின் விதி, மாநிலங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு என்பது சரிதான். ஆனால் 20,000 நூலுக்கு மேற்படாத நூலகத்தை ஆண்டுதோறும் முழுதாக எண்ணச் சொல்லும் அளவுக்குக் கண்டிப்பான ஓர் ஆவணமே இழப்பை நியாயம் என்று எழுதி வைத்திருக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பீரோவில் மட்டும் ஏன் ஒரு புத்தகமும் குறையக் கூடாது? விருதுக் குழு இந்தப் பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. அட்டை போட்டு, எண் ஒட்டி, முதுகு கசங்காமல் நிற்கும் புத்தக வரிசையைப் பார்த்து மதிப்பெண் போட்டால், அந்தப் பள்ளியில் அடுத்த ஆண்டு எந்தப் பிள்ளை புத்தகத்தைத் தொடும்?

இதில் பெங்களூருக்கு என்று ஒரு தனி வேடிக்கை உண்டு. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தெடுத்து, 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 1972 செப்டம்பர் 27-ல் மறைந்ததும் இந்த ஊரில்தான். 1962-ல் அவர் தொடங்கிய ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இன்றும் இங்கே நடக்கிறது. அவருடைய முதல் விதி புத்தகம் பயன்பாட்டுக்கு என்பது. கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் அதை விளக்கும்போது அவர் பழங்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார். சென்னையில் வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுக்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தவரும் அவர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12-ல் நூலகர் தினம் என்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்றைக்குக் கண்காட்சி வைப்பதற்காக பீரோவைத் திறந்து புத்தகங்களை மேசைமேல் பரப்பி, போட்டோ எடுத்து, மாலையில் திரும்பப் பூட்டுகிறோம். சங்கிலி இரும்பில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நல்ல நூலகத்தின் வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது என்பதும் விருதுக் குழுவுக்குச் சங்கடம்தான். இதே ஊரில் தொடங்கிய ஹிப்போகேம்பஸ் நூலகம் வாசிப்பு நிலைக்கேற்பப் புத்தகங்களைப் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று ஆறு நிறமாகப் பிரித்தது. நிறம் ஒட்டுவது ஒரு நாள் வேலை. நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பச்சையிலேயே நிற்பதை மற்றவர்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும், அவள் எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடினாள், ஏன் மூடினாள் என்று கவனித்து அடுத்ததைக் கையில் கொடுப்பதும் வருஷக்கணக்கான வேலை. முதலாவதைப் போட்டோ எடுக்கலாம், இரண்டாவதை எடுக்க முடியாது. மொழி விஷயமும் இப்படித்தான். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் தமிழ் இருக்கிறது, உருது இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளோடு இந்தியும் ஒடியாவும் வந்திருக்கின்றன. வகுப்பில் பாடம் கன்னடத்தில் நடக்கலாம், ஆங்கிலத்தில் நடக்கலாம். வீட்டு மொழியில் ஒரு கதைப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் நூலகம்தான். 2004-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் மலிவு விலையில் கொண்டுவந்தது. 2015-ல் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தைத் தொடங்கி யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளவும் மொழிபெயர்க்கவும் விட்டது. ஆகவே புத்தகம் இல்லை என்று சொல்ல வழியில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த மொழி என்று தெரிந்த ஒருவர் வேண்டும். '5,000 நூல்கள்' என்று எழுதும் படிவத்தில், அந்த 5,000-ல் எத்தனை இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக்குள் நுழையக்கூடிய மொழியில் இருக்கின்றன என்ற கேள்விக்கு இடம் ஏது?

அந்த ஒருவர் யார் என்று கேட்டால்தான் வண்டவாளம் வெளிவரும். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பொருளிலும் நூல்களும் இருக்க வேண்டும் என்கிறது. அதே அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றும் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் நூலகர் இல்லை. சமக்ர சிக்ஷா திட்டம் நூலகத்துக்கு ஆண்டு மானியமாகத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரையும் மேல்நிலைப் பள்ளிக்கு 20,000 ரூபாய் வரையும் தருகிறது. புத்தகம் வாங்கத்தான், ஆளுக்கு அல்ல. ஆகவே நூலகப் பொறுப்பு என்பது யாரோ ஓர் ஆசிரியரின் தலையில் ஏறும் உபரிச் சுமை. அவர் சத்துணவுக் கணக்கும் பார்ப்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தேர்தல் வேலைக்கும் அவரை அனுப்பலாம் என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் எங்காவது ஓர் ஆசிரியர் நூலகத்தை உயிரோடு வைத்திருந்தால் அவர் மேடைக்கு அழைக்கப்படுகிறார். அவர் தகுதியானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சால்வையால் யாருக்கு லாபம்? பணியிடம் உருவாக்க வேண்டிய அரசுக்கு அது ஒரு பதிலாகிவிடுகிறது: பாருங்கள், மனமிருந்தால் ஆளில்லாமலும் நடத்தலாம். சம்பளமாகக் கொடுக்க வேண்டியதைச் சால்வையாகக் கொடுத்து முடித்துக்கொள்ளும் சிக்கனம் இது. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போன மறு மாதம் அந்த நூலகம் என்னவாகும் என்று எந்தத் தேர்வுக் குழுவும் திரும்ப வந்து பார்ப்பதில்லை.

தனியார் பள்ளிகளில் ஆள் உண்டு. பட்டம் பெற்ற நூலகர் இருப்பார், மென்பொருள் இருக்கும், பார்கோடு இருக்கும். அவரும் ஆசிரியர் வராத வகுப்புக்கு சப்ஸ்டிட்யூட்டாகப் போகிறார். தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது லைப்ரரி பீரியட். பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு நூலகம் என்பது டெஸ்ட் எழுதும் அமைதியான அறையாகிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். அந்த அறைக்கும் விருது கிடைக்கலாம். அறையாகப் பார்த்தால் குறை ஒன்றுமில்லை.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, வளர்ந்த நாடுகள் செய்வதைத்தானே நாமும் செய்யச் சொல்கிறோம் என்பது. அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 1963-லிருந்து ஆண்டின் சிறந்த பள்ளி நூலகத் திட்டத்துக்கு விருது கொடுத்துவருகிறது. அங்கே விருது என்பது பயிற்சி பெற்ற நூலகர் என்ற அஸ்திவாரத்தின்மேல் வைத்த கலசம். கீத் கரி லான்ஸ் குழுவினர் 1993-லும் 2000-லும் கொலராடோ மாநிலத்தில் செய்த ஆய்வுகளும் நல்ல நூலகப் பணியாளர்கள் உள்ள பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் கூடுதலாக இருப்பதைத்தான் காட்டின. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்கு மேல் அவை நிரூபித்துவிடவில்லை; இருந்தாலும் அவை கை நீட்டிய திசை ஆளை நோக்கித்தான், அறையை நோக்கி அல்ல. சரி, அந்தக் கலசம் அஸ்திவாரத்தைக் காப்பாற்றியதா? பிலடெல்பியா நகரத்து அரசுப் பள்ளிகளில் 1991-ல் சான்று பெற்ற நூலகர்கள் 176 பேர் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. அந்தக் காலத்திலும் விருது கொடுக்கப்பட்டே வந்தது. பட்ஜெட்டில் வெட்டு விழும்போது கேடயம் குறுக்கே நிற்கவில்லை. பல பத்தாண்டுப் பழக்கமுள்ள நாட்டிலேயே இதுதான் கதி என்றால், அஸ்திவாரமே போடாத இடத்தில் கலசத்தை மட்டும் இறக்குமதி செய்து என்ன பயன்?

இரண்டாவது எதிர்வாதம் என் பக்கத்தைத்தான் அதிகம் குத்தக்கூடியது. ஆகவே அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ல் தொடங்கிய அக்ஷரா ஃபவுண்டேஷன் பெங்களூரு அரசுப் பள்ளிகளில் நூலகத் திட்டம் ஒன்றை நடத்தியது. வெறும் புத்தகம் கொடுத்த திட்டமல்ல அது, ஆளும் இருந்தார். சில பள்ளிகளில் உள்ளேயே நூலகம் இருந்தது, சில பள்ளிகளுக்கு நூலகர் வந்து போனார். எவன் போர்க்கம், ஃபாங் ஹே, லீ லிண்டன் ஆகிய மூவரும் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இந்தத் திட்டத்தைச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். 16 மாதம் கழித்து வைத்த மொழித் தேர்வில், நூலகம் கிடைத்த பள்ளிகளுக்கும் கிடைக்காத பள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மிகச் சிறிய பலன் ஒளிந்திருக்கலாம், கணிசமான பலன் நிச்சயமாக இல்லை என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் கணக்கு நுணுக்கமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த நூலகத்தால் பலன் இல்லை; நூலகர் வந்து போன பள்ளிகளில் மதிப்பெண் குறையவே செய்தது. மற்றப் பாடங்களிலும் மாற்றம் இல்லை, வருகையிலும் இல்லை. நூலகத்துக்கு ஆள் போடு என்று கத்துகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

வழக்கமான பதில் ஒன்று உண்டு: 16 மாதம் போதாது, தேர்வு சரியில்லை, செயல்படுத்தியதில் குறை. அந்தப் பதிலை நான் சொல்ல மாட்டேன். பிடிக்காத முடிவு வந்தால் அளவுகோலைக் குறை சொல்வது எல்லோருக்கும் வரும் கை. முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது: நூலகம் வைத்தால் மார்க் ஏறும் என்று நன்கொடையாளரிடமும் அதிகாரியிடமும் சத்தியம் செய்து கொடுத்துப் பணம் வாங்குவதை நூலக ஆதரவாளர்கள் நிறுத்த வேண்டும். இந்த ஊரிலேயே அந்தச் சத்தியம் பரிசோதிக்கப்பட்டுத் தோற்றிருக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது வகுப்பறையின் வேலை. கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வாசிக்க ஏதாவது இருப்பதும், பெரியவர் யாரும் சொல்லாமல் தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பதும் நூலகத்தின் வேலை. ரங்கநாதனின் விதிகள் ஐந்தில் ஒன்றிலும் தேர்ச்சி விகிதம் வராது. விளையாட்டு மைதானம் வைத்ததால் கணக்கு மார்க் ஏறியதா என்று யாரும் கேட்பதில்லை. ஏறவில்லை என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மைதானத்தை மூடவும் மாட்டோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு என் வாதத்தைக் குத்துவதைவிட ஆழமாக விருதின் வாதத்தைக் குத்துகிறது. அறையையும் எண்ணிக்கையையும் பார்த்து விருது கொடுப்பது பிழை என்று உணர்ந்தவர்கள் அடுத்து ஓடிப்போய் நிற்கும் இடம், 'வாசிப்புத் திறனில் முன்னேற்றம் காட்டிய நூலகம்' என்ற புது அளவுகோல்தான். ஆளும் புத்தகமும் நிறுவனத்தின் ஆதரவும் இருந்த திட்டமே 16 மாதத்தில் காட்டாத முன்னேற்றத்தை ஒரு பள்ளி ஒரே ஆண்டில் விண்ணப்பப் படிவத்தில் காட்டுகிறது என்றால், அது எண்ணில் தயாரான முன்னேற்றமா, பிள்ளையிடம் நடந்த முன்னேற்றமா என்று சந்தேகப்பட எல்லா நியாயமும் இருக்கிறது.

மூன்றாவது: பயன்பாட்டை அளக்கலாம் என்றால் அதையும் ஏமாற்றலாமே. வழங்கல் பதிவேட்டில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே உட்காரலில் 3,600 வரி எழுதிவிட முடியாதா? முடியும். எழுதவும் செய்வார்கள். அதனால்தான் பதிவேட்டைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போனால் போதும். வாசிக்கப்பட்ட புத்தகத்துக்கு உடம்பு உண்டு: முனை மடங்கியிருக்கும், நடுத்தையல் விட்டிருக்கும், செல்லோடேப் மஞ்சளாகியிருக்கும், யாரோ ஒரு பிள்ளை சிங்கத்துக்கு மீசை வரைந்திருக்கும். பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, படித்ததில் பிடிக்காத புத்தகம் எது என்று கேட்டால் போதும். பிடித்ததைச் சொல்லச் சொன்னால் டீச்சர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்கள். பிடிக்காததைச் சொல்ல உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். பீரோ சாவி எங்கே என்று கேட்டதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எடுத்து நீட்டுகிறாளா, எச்.எம். லீவில் இருக்கிறார் என்ற பதில் வருகிறதா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். இதையெல்லாம் ஜோடிக்க வேண்டுமானால் ஒரு பள்ளி நிஜமாகவே நூலகம் நடத்தும் அளவுக்குப் பாடுபட வேண்டியிருக்கும். அப்படியொரு மோசடி நடந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விருது இல்லாமல் அங்கீகரிப்பது சாத்தியமா என்று கேட்டால், அதற்குக் கர்நாடகமே பதில் வைத்திருக்கிறது. பள்ளியில் அல்ல, பஞ்சாயத்தில். கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் 2019-ல் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வந்தன. அடுத்த ஆண்டு, கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 'ஓதுவ பெளக்கு' என்ற திட்டத்தில் 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்த நூலகங்களில் இலவச உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய நூலகங்கள் அவை. அவற்றுக்கு இன்று 'அரிவு கேந்திரா' என்று பெயர். அந்தத் திட்டம் எந்த நூலகம் சிறந்தது என்ற கேள்வியில் தொடங்கவில்லை. எந்தப் பிள்ளை இன்னும் உறுப்பினராகவில்லை என்ற கேள்வியில் தொடங்கியது. நகரத்தில் நிலைமை வேறு. பெங்களூரில் சொத்துவரியோடு 6 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. ஊர் முழுதும் ஒரே மாநகராட்சியாக இருந்த காலத்தில் அதை முழுதாக நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்த கதை பல ஆண்டு பத்திரிகைச் செய்தி. பணமே இல்லை என்று சொல்லும் ஊர் இல்லை இது. வரி கட்டும் குடும்பத்தின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் அதே தெருவின் பொது நூலகக் கிளைக்கும் இடையே ஒரு கதவு வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை என்பதே குறை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பிள்ளைகளுக்கான இதழ்களையே பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியது போன்ற முயற்சிகளும் இந்த வகையில்தான் சேர்த்தி; எண்ணி அடுக்கி வைக்க ஒரு பழைய இதழில் ஒன்றுமில்லை, படித்துக் கசக்கினால்தான் உண்டு.

ஆகவே பள்ளி நூலகத்தின் சிறப்பை அரசாங்கம் மதிக்கிறதா என்பதை மூன்று காகிதங்களை வைத்துச் சொல்லிவிடலாம். ஒன்று, நூலகர் பணியிடத்துக்கான அரசாணை; எல்லாப் பள்ளிக்கும் முடியாதென்றால் பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்றாவது. இரண்டு, தேர்வு மாதத்திலும் பறிக்க முடியாத லைப்ரரி பீரியட் எழுதிய கால அட்டவணை. மூன்று, இத்தனை புத்தகம் வரை தொலைந்தால் ஆசிரியரிடம் வசூலிக்க மாட்டோம் என்ற ஒரு சுற்றறிக்கை. மூன்றாவதற்குச் செலவே கிடையாது. வட்டாரக் கல்வி அதிகாரி (பிஇஓ) அலுவலகத்தில் ஒரு பக்கம் டைப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூன்றிலும் அதுதான் எல்லோருக்கும் அதிகம் பயமாக இருக்கிறது என்பதைக் கவனித்தால், நம் நூலகங்கள் எதற்காக நடத்தப்படுகின்றன என்பது விளங்கும்.

அதற்குப் பிறகும் விருது கொடுத்தே தீருவோம் என்றால் கொடுக்கட்டும். ஆனால் தேர்வுக் குழு பள்ளி வாசலில் இறங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன வருஷம் எத்தனை புத்தகம் தொலைந்தது என்பதாக இருக்கட்டும். ஒன்றுகூட இல்லை சார் என்று பெருமையோடு பதில் வந்தால், காபியைக் குடித்துவிட்டு அடுத்த பள்ளிக்கு வண்டியைத் திருப்பலாம். பதினெட்டு என்று சொல்லி, அவை எதெது, கடைசியாக யார் கையில் இருந்தன, அவற்றில் எந்த நான்கை மட்டும் பிள்ளைகள் விடாமல் கேட்டதால் திரும்ப வாங்கினோம் என்று அந்த ஆசிரியர் சொல்லத் தொடங்கினால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கலாம்.